காசைக் கம்பியில் போடுங்கள்

நாகர்கோவில் வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ரேடியோ வைத்திருப்பதற்குத் தபால் ஆபீஸில் போய் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டிய காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ. சாயங்காலமானால் இலங்கை வானொலிக்காக அப்பா அதைத் திருகிக்கொண்டே இருப்பார். பாட்டு பாதி, இரைச்சல் பாதி. ஒரு நாள் என்ன தோன்றியதோ, சுவரில் கிடந்த ஏரியலைக் கழற்றிவிட்டு, கூரை முகட்டிலிருந்து முற்றத்து அயினி மரம் வரைக்கும் ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். அன்றைக்கு ராத்திரி கொழும்பு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தது. செட் அதே செட். மாறினது கம்பி மட்டும்தான்.

அமெச்சூர் ரேடியோ, அதாவது ஆசைக்காக வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு ரேடியோவில் பேசுகிற ஹாம் ரேடியோ, வீட்டில் வைக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஸாரே, எந்த செட் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "வீட்டில் எத்தனை தெங்கு நிக்கி?"

சிரிக்காதீர்கள். தொழிலால் நான் டிவி மெக்கானிக். எனக்கே இந்தப் புத்தி பட்டுத்தான் வந்தது. ஹாம் லைசென்ஸ் கையில் கிடைத்ததும், சீட்டுப் பணம் மொத்தத்தையும் போட்டு, நூறு வாட் செட் ஒன்று பழையதாக வாங்கினேன். கம்பியை மட்டும் சிக்கனமாக மாடி வராந்தாவின் இரும்புக் கிராதியில் சுற்றிவிட்டேன். கேட்டதெல்லாம் பக்கத்து வீட்டு எல்இடி பல்பின் உறுமல். நான் கூப்பிட்டது திருநெல்வேலிக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆறு மாதம் அப்படிக் கழிந்தது. பிறகு அதை விற்றுவிட்டு, சில வாட் மட்டும் தருகிற ஒரு சின்ன செட்டுக்கு வந்தேன். மிச்சக் காசையும் மூளையையும் கம்பியில் செலவழித்தேன். அப்புறம்தான் ஆள் பேச்சுக் கேட்டது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், ஒரே ஒரு கணக்கு. ஐந்து வாட்டும் நூறு வாட்டும் இருபது மடங்கு வித்தியாசம். ஆனால் எதிர்முனையில் கேட்கிறவரின் மீட்டரில் முள் ஏறுவது ஏறக்குறைய இரண்டே கோடு. நல்ல இடத்தில் உயரமாகக் கட்டிய கம்பி அந்த இரண்டு கோட்டை இனாமாகத் தந்துவிடும். நமக்கு வருகிற சத்தத்தையும் அதே கம்பி தெளிவாக்கும். பெரிய செட் வாங்கினால் அது இந்த இரண்டாவது வேலையைச் செய்யாது.

என் மரக் கதைக்கு வருகிறேன். நாற்பது மீட்டர் பேண்ட் என்று ஹாம்கள் பேசுகிற அலைவரிசை ஒன்று உண்டு, ஏழு மெகாஹெர்ட்ஸ் பக்கம். அதற்குக் கம்பி ஒரு கைக்குப் பத்து மீட்டர், மறு கைக்குப் பத்து மீட்டர். நடுவில் செட்டுக்கு வரும் கேபிளைச் சேர்க்க வேண்டும். நடுப்பகுதியை உயரமான தெங்கில் தூக்கி, இரண்டு கையையும் கூடாரம்போலச் சரித்துக் கட்டினால் போதும். தேங்காய் வெட்ட வந்த அண்ணனிடம் கம்பியைக் கொடுத்தேன். "இது என்னத்துக்கு ஸாரே, வவ்வால் வெரட்டவா?" என்றார். "வெளியூர்க்காரங்களோட பேசதுக்காக்கும்." என் முகத்தைப் பார்த்தார், என் கையில் இருந்த செல்போனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஏறினார். கட்டினதற்கு இரண்டு மரக்கூலி சேர்த்து வாங்கிக்கொண்டார், அது வேறு.

நாற்பத்தைந்து நாள் கழித்து அடுத்த வெட்டு. அன்றைக்கு நான் வீட்டில் இல்லை. அவருக்குச் சுகமில்லை என்று வேறொருவர் வந்திருக்கிறார். சாயங்காலம் செட்டைப் போட்டால், உலகமே செத்தது மாதிரி அமைதி. வெளியே ஓடினேன். மரத்தில் கம்பி இல்லை. காய்ந்த ஓலைகளை அழகாக அடுக்கி மூன்று கட்டாகக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டையும் சுற்றிச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது என் ஆன்டெனா. "பழைய கேபிள் டிவி வயருண்ணு நெனச்சாராம், நாந்தான் ஓலை கெட்டதுக்குச் சொன்னேன்" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து வெட்டு நாளில் நான் எங்கும் போவதில்லை.

இதில் ஒரு பாடமும் கிடைத்தது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால், கம்பி ஏற்கெனவே ஓரிடத்தில் பாதி அறுந்திருந்தது. தெங்கு ஆடும் மரம். இழுத்துக் கட்டினால் காற்றில் கம்பிதான் தோற்கும். அதனால் சரிந்து இறங்கும் கையின் முனையை இறுக்கிக் கட்டாமல் ஒரு சின்னக் கப்பி வழியாக விட்டு, நுனியில் தண்ணீர் நிறைத்த கேனைத் தொங்கவிட்டேன். மரம் ஆடினால் கேன் ஏறி இறங்கும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது. கிணற்றடிக் கப்பி எல்லார் வீட்டிலும் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும்.

இடையில் ரேடியோவைத் திறந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: காசைக் கம்பியில் போடுங்கள். காசு என்றாலும் பெரிதாக இல்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் தொண்ணூறு மீட்டர்ச் சுருளில் மிச்சம் கிடந்தாலே போதும். முனைகளில் மின்சாரம் கசியாமல் இருக்க பிவிசி குழாய்த் துண்டு. மரத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்கு, கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன வயர் நன்றாகவே பொருந்தும். இணைப்பில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்று செம்பைப் பச்சை பூக்க வைத்துவிடும். நன்றாகப் பற்றவைத்து, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. மின்வாரியக் கம்பி பக்கத்தில் போகிற இடமாக இருந்தால் அந்த மரமே வேண்டாம். வேறு மரம் பாருங்கள். ஐப்பசியில் மத்தியானம் வானம் இருட்டினால், செட்டிலிருந்து கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். நம் ஊர் இடி உங்களுக்குத் தெரியாததல்ல.

நமக்கும் பெங்களூருக்கும் நடுவில் மலை நிற்கிறதே என்று கேட்பார்கள். மரத்து உயரத்தில் தொங்கும் கம்பியிலிருந்து அலை பெரும்பாலும் நேர் மேலே போகிறது. வானத்தில் ஒரு மின்னூட்ட அடுக்கில் பட்டு, குடையிலிருந்து சொட்டுகிற மாதிரி சுற்றிலும் இறங்குகிறது. அதனால் பகலில் மதுரை, கொச்சி, பெங்களூர் எல்லாம் கேட்கும். இருட்டினால் இன்னும் தூரம். திருவனந்தபுரம் பக்கத்திலிருக்கும் தும்பாவில் 1963 நவம்பரில் முதல் ராக்கெட் விட்டதற்கும் நம் தலைக்கு மேலிருக்கும் இந்த வானம்தான் காரணம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். என் மரம் கம்பியோடு சாய்ந்தது. மின்சாரம் இல்லை, செல்போன் டவர் இல்லை. மறுநாள் காலை நின்றிருந்த ஒரு மாமரத்தில் அதே கம்பியைக் கட்ட எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பழைய யுபிஎஸ் பேட்டரி ஒன்றை வைத்துக் கூப்பிட்டேன். பெங்களூரில் முகம் தெரியாத ஒருவர் எடுத்தார். அங்கே வேலை பார்க்கும் என் மகளின் நம்பரைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் திரும்ப வந்து, "சொல்லிவிட்டேன், அழுகிறாள், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கச் சொன்னாள்" என்றார். நான் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. சொந்தமாகக் கட்ட முடிந்தவர்களுக்கு பிட்எக்ஸ் என்கிற செட். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது. முதல் வடிவத்தில் சுருள் சுற்ற, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரையே பயன்படுத்தினார். நம் வடசேரிக் கடையில் கிடைக்கும் சாமான்! அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம். லைசென்ஸை முதலில் சொல்லியிருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தக் கூடாது. மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் பரீட்சை. பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் எழுதலாம். கீழ்நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் என்கிற தந்திக் குறி தேவையில்லை, மேல்நிலைக்கு அதை அடிக்கத் தெரிய வேண்டும். கேள்விகள் ரேடியோ அடிப்படையும் விதிமுறையும்தான், பத்தாம் வகுப்பு இயற்பியல் மறக்காதவர்கள் பயப்பட வேண்டாம். விண்ணப்பம் சரள் சஞ்சார் என்கிற அரசு இணையதளத்தில். இந்த ரேடியோவில் வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது.

விண்வெளி நிலையம் நம் மேலே போகும்போது, 145.800 மெகாஹெர்ட்ஸில் அதில் இருக்கும் விண்வெளி வீரர்களின் குரல் சிலசமயம் கேட்கும். அதை ஒரு கைக்கருவியில் பிடிப்பது எப்படி என்றும் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். இந்தத் தாள் அப்படியே இருக்கிறது. நேரமாகிவிட்டது. வணக்கம்.