பயணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: தடுப்பூசி, டெஸ்ட் விதிகளோடு வெளிநாடு கிளம்புவது எப்படி

[காட்சி: சென்னை விமான நிலையம், செக்-இன் வரிசை]

வணக்கம். வெளிநாட்டுப் பயணத்தில் தடுப்பூசி விதி, டெஸ்ட் விதி என்று வந்துவிட்டால் உங்களைத் தடுத்து நிறுத்துவது யார்? பெரும்பாலும் போய் இறங்கும் நாட்டின் குடியேற்ற அதிகாரி இல்லை. இங்கேயே, நீங்கள் கிளம்பும் ஊரிலேயே, போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுன்ட்டரில் இருக்கும் ஏர்லைன் ஊழியர்தான். தேவையான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் அவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு ஏர்லைன் தலையில் விழும், பல நாடுகளில் அதற்கு மேல் அபராதமும் உண்டு. அதனால் அந்த ஊழியர் டிமாடிக் என்ற தகவல் தளத்தைத் திறந்து பார்ப்பார். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா நடத்துவது அது. எந்த நாட்டுக்காரர் எங்கே போக என்ன ஆவணம் வேண்டும் என்று அதில் இருக்கும். அதில் இருப்பதும் உங்கள் கையில் இருப்பதும் பொருந்தவில்லை என்றால் அவர் தயங்குவார். அவர் தயங்கும் நேரத்தில் கவுன்ட்டர் மூடிவிடும்.

கோவிட் விதிகள்தான் எடுத்தாச்சே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எப்படி நடந்தது என்று பாருங்கள். இந்தியாவுக்கு வருகிறவர்கள் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவத்தை 2022 நவம்பர் 22-ல் நிறுத்தினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2023 ஜனவரி 1 முதல் சீனா, ஜப்பான், தென்கொரியா, ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு மறுபடியும் டெஸ்ட் ரிப்போர்ட் கட்டாயம். இந்த மாதிரி விதிகள் போகும், வரும். வரும்போது யோசிக்க நேரம் தராது. அதனால் 2021, 2022-ல் நம் ஊரிலிருந்து கிளம்பியவர்கள் எதிர்கொண்டதை வைத்தே இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

[காட்சி: காலண்டர், நவம்பர் 20 வட்டமிடப்பட்டிருக்கிறது]

முதலில் ஊசி. இதை எப்போதும் தரையிறங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஊசி போட்டுவிட்டு அப்புறம் டிக்கெட் பார்க்கலாம் என்று இருந்தவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொண்டார்கள். ஒருவர் 2021 நவம்பர் 20-ல் அமெரிக்காவில் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டோஸ் போட்டு 14 நாள் முழுதாகக் கழிந்திருக்க வேண்டும், ஆக நவம்பர் 5-க்குள் அந்த டோஸ் போட்டிருக்க வேண்டும். கோவிஷீல்டுக்கு அப்போது இந்தியாவில் இரண்டு டோஸுக்கும் நடுவே 12 முதல் 16 வாரம் இடைவெளி. குறைந்தபட்சம் 12 வாரம் என்றே எடுத்துக்கொண்டாலும் முதல் டோஸ் ஆகஸ்ட் 13-க்குள் முடிந்திருக்க வேண்டும்! படிக்கப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் போகும் அணியினர், இவர்களுக்கு மட்டும் 28 நாளிலேயே இரண்டாவது டோஸ் போட்டுக்கொள்ளலாம் என்று 2021 ஜூனில் மத்திய அரசு சலுகை கொடுத்தது. அதற்குச் சேர்க்கைக் கடிதமோ வேலைக் கடிதமோ காட்ட வேண்டும். இந்தச் சலுகை இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொன்ன கணக்கில் அக்டோபர் 8 வரை நேரம் கிடைத்தது. தெரியாதவர்கள் பயணத்தைத் தள்ளிப் போட்டார்கள்.

அடுத்து, எந்த ஊசி. இது நம் மக்களை ரொம்பவே வருத்தப்படுத்திய விஷயம். முகாமில் என்ன இருந்ததோ அதைத்தான் போட்டுக்கொண்டோம், யாரும் கடையில் பொறுக்கி எடுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் கோவிஷீல்டு 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, கோவாக்சின் வந்தது நவம்பர் 3-ல்தான். நடுவில் இருந்த அந்த மாதங்களில் இரண்டு டோஸ் கோவாக்சின் போட்டவர், பல நாடுகளின் கணக்கில் ஊசியே போடாதவர். கோவிஷீல்டு போட்டவர்களுக்காவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டன் 2021 அக்டோபர் 4-ல் புது விதி கொண்டுவந்தபோது இந்தியாவில் ஊசி போட்டவர்களைப் போடாதவர்களாகவே வைத்தது. இத்தனைக்கும் புனே சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்த அதே மருந்தில் 50 லட்சம் டோஸ் வாங்கித் தன் மக்களுக்கே போட்ட நாடு அது. சிக்கல் மருந்தில் இல்லை, சான்றிதழில் என்றார்கள். இந்தியா பதிலுக்கு பிரிட்டனிலிருந்து வரும் அந்நாட்டவருக்கு 10 நாள் தனிமை என்றது. ஒரு வாரத்தில், அக்டோபர் 11-ல், பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு வாரத்தில் கல்லூரி சேரப் போன பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். என் கருத்தைக் கேட்டால், ஊசியை அறிவியல் ஏற்றுக்கொண்டதா என்று மட்டும் பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். போகிற நாட்டின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா, நம் நாட்டுச் சான்றிதழை அங்கே ஏற்கிறார்களா, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

[காட்சி: மூன்று ஆவணங்கள் பக்கம் பக்கமாக. பெயர் இருக்கும் இடம் பெரிதாகத் தெரிகிறது]

இப்போது பெயர். தமிழர்களுக்கு இது தனித் தலைவலி, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் எம். செந்தில் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எம் விரிந்து முருகேசன் ஆகி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். டிக்கெட் போடும்போது ஏஜென்ட் முருகேசன் செந்தில் என்று போட்டிருப்பார். தடுப்பூசிச் சான்றிதழில் ஆதாரில் உள்ளது வரும், அதுவும் முகாமில் அவசர அவசரமாகத் தட்டச்சு செய்தவருக்கு எப்படிக் கேட்டதோ அப்படி. நம் ஊரில் இது எல்லாம் ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும், வெளியூரில் பார்க்கிறவருக்கு இது நான்கு பேர். கல்யாணமான பெண்களுக்கு ஒன்றில் அப்பா பெயரும் இன்னொன்றில் கணவர் பெயரும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கோவிட் ஊசிக்குப் பதிவு செய்து சான்றிதழ் எடுக்கும் அரசுத் தளமான கோவினில் இதைத் திருத்த வழி இருந்தது. பெயர், பிறந்த ஆண்டு, பாலினம் இவற்றை மாற்றலாம், பாஸ்போர்ட் எண்ணையும் சான்றிதழில் சேர்க்கலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும். ஆகவே யாரோ ஒருவரிடம் போனில் எழுத்துக்கூட்டிச் சொல்லி மாற்றச் சொல்வது ஆபத்து. பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள வரிசையில், அதில் உள்ள அதே எழுத்துகளை, நீங்களே அடிக்க வேண்டும். ழகரம் உள்ள பெயர்களில் ஆங்கில எழுத்து ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதைக் குறிப்பாகப் பாருங்கள். முன்பு சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இல்லாமல் இருந்தது. பிரிட்டனோடு நடந்த அந்தத் தகராறுக்குப் பிறகுதான் வெளிநாட்டுப் பயணத்துக்கு என்று பிறந்த தேதியோடு தனிச் சான்றிதழ் வந்தது, பழையதை வைத்திருந்தவர்கள் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். "72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர்." என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள், ஆனால் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை? பெரும்பாலும் சாம்பிள் எடுத்த நிமிடத்திலிருந்து கணக்கு, ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து இல்லை. முடிவது விமானம் கிளம்பும்போதா, போய் இறங்கும்போதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். துபாய்க்கு 2021 ஆகஸ்ட்டில் வழி திறந்தபோது 48 மணி நேரத்துக்குள் ஒரு டெஸ்ட், அது போதாதென்று விமான நிலையத்திலேயே கிளம்பும் முன் ஒரு ரேபிட் பி.சி.ஆர். அமெரிக்கா மணிக்கணக்கே வைக்கவில்லை, நாள் கணக்கு வைத்தது: "ஒரு நாள் முன்பு" என்றால் கிளம்பும் தேதிக்கு முந்தைய தேதியில் காலை எடுத்தாலும் சரி, இரவு எடுத்தாலும் சரி. கனடா 2021 செப்டம்பர் இறுதியில் நேரடி விமானங்களை மறுபடி அனுமதித்தபோது டெல்லி விமான நிலையத்தில் இருந்த ஒரே ஒரு லேபில், 18 மணி நேரத்துக்குள் எடுத்த டெஸ்ட் மட்டும்தான் செல்லும் என்றது. கோயம்புத்தூரிலிருந்து டொரன்டோ போகிறவர் முதல் நாளே டெல்லியில் இருந்தாக வேண்டும், தங்கும் செலவு தனி.

இதனால் நாகர்கோவில், ராமநாதபுரம் பக்கம் இருந்து கிளம்புகிறவர்கள் சென்னை வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊரில் சாம்பிள் கொடுத்து, ரிப்போர்ட் வர ஒரு நாள், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு இரவு, அப்புறம் மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையம், இடையில் வேறு விமானம் மாறுவது. 48 மணி நேரம் என்பது இப்படித்தான் காணாமல் போகிறது. விமானம் கிளம்பும் ஊரிலேயே டெஸ்ட் எடுப்பதுதான் நல்லது, அந்த லேப் ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட் தருமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட்டில் சாம்பிள் எடுத்த தேதியும் நேரமும், பாஸ்போர்ட் எண்ணும், க்யூ.ஆர். குறியீடும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். காகிதத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

[காட்சி: ஒரு ரிப்போர்ட், முடிவு: பாசிட்டிவ்]

கிளம்புவதற்கு முந்தைய நாள் பாசிட்டிவ் வந்தால்? இதைப் பேசவே பலர் விரும்புவதில்லை, அபசகுனம் மாதிரி. குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் பேசி வையுங்கள். குழந்தைக்கு வந்தால் யார் கூட இருப்பது, மற்றவர்கள் போவதா எல்லோரும் நிற்பதா, டிக்கெட் தேதி மாற்றக்கூடியதா. மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் இந்த ஒரு இடத்தில் போய்விடும், எனவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது தேதி மாற்றும் டிக்கெட் வாங்கச் சொல்வேன். இன்னொன்று: நோய் குணமான பிறகும் சில வாரங்கள் பி.சி.ஆர். பாசிட்டிவ் காட்டலாம், அப்படிப்பட்டவர் பெரும்பாலும் யாருக்கும் பரப்ப மாட்டார், ஆனால் ரிப்போர்ட் பாசிட்டிவ்தான். இவர்களுக்காக அமெரிக்கா 90 நாளுக்குள் வந்த பழைய பாசிட்டிவ் ரிப்போர்ட்டையும், பயணம் செய்யலாம் என்ற டாக்டர் கடிதத்தையும் ஏற்றுக்கொண்டது. அதனால் பாசிட்டிவ் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள், அதுவும் ஒரு பயண ஆவணம்.

விதி நடுவில் மாறினால் என்ன செய்வது? கோவிட் கிருமியின் புது வகையான ஓமிக்ரானுக்கு உலக சுகாதார நிறுவனம் பெயர் வைத்தது 2021 நவம்பர் 26. ஊசி போட்டவர்கள் கிளம்பும் முன் மூன்று நாளுக்குள் டெஸ்ட் எடுத்தால் போதும் என்று நவம்பர் 8-ல் சொன்ன அமெரிக்கா, டிசம்பர் 6-ல் அதை ஒரு நாள் ஆக்கியது. நவம்பர் 29-ல் சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து தனிமைப்படுத்தல் இல்லாத வழியைத் திறந்த சிங்கப்பூர் டிசம்பர் 22-ல் புது டிக்கெட் விற்பனையை நிறுத்தியது. நண்பர் போன மாதம் போனார், அவர் சொன்னார் என்பதெல்லாம் இங்கே உதவாது. டிக்கெட் வாங்கும்போது ஒரு முறை, டெஸ்ட் எடுப்பதற்கு முன் ஒரு முறை, கிளம்பும் நாளில் ஒரு முறை, போகிற நாட்டின் அரசுத் தளத்தையும் ஏர்லைன் தளத்தையும் திறந்து பாருங்கள். வழியில் இறங்கும் நாடு இருந்தால் அதையும். 2021-ல் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கனடா போனவர்கள் இந்தியாவில் எடுத்த டெஸ்ட்டைக் காட்ட முடியாமல், மாலத்தீவு, மெக்சிகோ என்று மூன்றாவது நாட்டில் தங்கி அங்கே டெஸ்ட் எடுத்துப் போனார்கள். திரும்பி வருவதற்கும் இதே மாதிரி விதி இருக்கும், அதைப் போகும் முன்பே படித்துவிடுங்கள்.

கடைசியாக, இப்போதும் நடைமுறையில் இருக்கும் ஒன்று. மஞ்சள் காய்ச்சல். கானா, நைஜீரியா, உகாண்டா, கென்யா, பிரேசில் மாதிரி நாடுகளுக்குப் போய்விட்டு அதற்கான ஊசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். கானா போன்ற நாடுகள் உள்ளே நுழையவே அதைக் கேட்கும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். 2016 ஜூலை முதல் அந்த ஒரே ஊசி ஆயுள் முழுக்கச் செல்லும், ஆனால் போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழுக்கு உயிர். 20-ம் தேதி விமானம் என்றால் 10-ம் தேதிக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும், அதனால் டிக்கெட் கையில் வந்த அன்றே மையத்தில் எந்த நாளில் ஊசி போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.