ஃபேனி விழுந்தாளா, விழுந்ததா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்னும் இரண்டு நிறுவனங்களை அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்நாட்டு வீட்டுக் கடன்களில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 5 லட்சம் கோடி டாலர் அளவிலான கடன்கள், இவ்விரண்டின் கையிலோ உத்தரவாதத்திலோ இருந்தன. மறுநாள் இரண்டின் பங்கு விலையும் ஒரு டாலருக்குக் கீழே சரிந்தது. எண்ணற்ற குடும்பங்கள் வீட்டை இழந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய துயரத்தில் சிரிப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் அத்தனை பெரிய இடியை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாமரத்திலிருந்து விழுந்துவிட்டதைச் சொல்வதுபோல, ‘ஃபேனியும் ஃபிரெடியும்’ என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்ததே, அது எனக்கு இன்றும் சிரிப்பை வரவழைக்கிறது.

இந்தப் பெயர்களை எந்தத் தாயும் தந்தையும் சூட்டவில்லை. 1938இல், ரூஸ்வெல்ட் ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் முழுப்பெயர் ஃபெடரல் நேஷனல் மார்ட்கேஜ் அசோசியேஷன். வங்கி கொடுத்த வீட்டுக் கடனை அதனிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டால், அந்தப் பணத்தைக் கொண்டு வங்கி அடுத்தவருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதே அதன் வேலை. எஃப், என், எம், ஏ என்னும் நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரிப்பதை விட்டுவிட்டு அவற்றை ‘ஃபேனி மே’ என்று பெண் பெயராகவே வாசித்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பெருவழக்காக இருந்த பெயர் ஃபேனி. நம் ஊரில் பொன்னம்மாள், செல்லம்மாள் என்றால் ஒரு பாட்டியின் முகம் தோன்றுகிறதல்லவா, ஏறக்குறைய அப்படி. 1970இல் பிறந்த போட்டி நிறுவனம் ஃபிரெடி ஆயிற்று. மாணவர் கடனுக்காக 1972இல் வந்தது சாலி ஆயிற்று.

ஆங்கிலத்தில் இந்த வேடிக்கை பாதி மறைந்தே கிடக்கிறது என்பது என் எண்ணம். அம்மொழியின் வினைச்சொல் ஆணா, பெண்ணா, பொருளா என்று கேட்பதில்லை; விழுந்தவர் யாராக இருந்தாலும் வினை ஒன்றுதான். தமிழ் வினைமுற்றோ திணையும் பாலும் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க விடாது. ‘ஃபேனி கடனில் மூழ்கியது’ என்று எழுதினால் நிறுவனம். ‘மூழ்கினாள்’ என்று எழுதினால் குடும்பக் கதை. உயர்திணைப் பெயருக்கு அஃறிணை முடிவு கொடுக்கும்போது செய்தி இலக்கணப்படி சரியாக இருந்தும் காதுக்கு ஏதோ இடறுகிறது. அந்த இடறலில்தான் சிரிப்பு பிறக்கிறது. ‘மே’ என்றதும் வெயிலும் கோடை விடுமுறையும் நினைவுக்கு வருவது இன்னொரு கூடுதல் குழப்பம்.

சிகாகோவில் 1920 முதல் புகழ்பெற்ற ஒரு சாக்லேட் நிறுவனத்துக்கும் ஃபேனி மே என்றே பெயர். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து மாறும், ஒலி மாறாது. தமிழில் எழுதினாலோ எழுத்தும் மாறாது. கடன் நிறுவனத்தைவிட மிட்டாய்க்காரிக்குப் பதினெட்டு வயது அதிகம்!

சட்டமும் தன் பங்குக்கு இந்த வேடிக்கைக்குத் துணைசெய்தது. அரசு பொறுப்பேற்ற முறைக்குக் கன்சர்வேட்டர்ஷிப் என்று பெயர். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில், தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத மனிதருக்கு நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமிப்பதற்கும் அதே சொல்தான் வழங்குகிறது. ஆக, பெயர் மனிதப் பெயர், ஏற்பாடும் மனிதருக்குரிய ஏற்பாடு. அதற்காக நிதித்துறை ஒவ்வொன்றுக்கும் ஒதுக்க முன்வந்த தொகை மட்டும் 10,000 கோடி டாலர் வரை. அன்று ஃபேனியின் தலைமை அதிகாரி டேனியல், ஃபிரெடியின் தலைமை அதிகாரி ரிச்சர்ட், நிதியமைச்சர் ஹென்றி, மைய வங்கியின் தலைவர் பென். குடும்பப்பெயர்களை நீக்கிவிட்டு அந்த வாரத்து அறிக்கைகளை வாசித்தால், ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் கூடி இரண்டு பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலையுடன் பேசிக்கொள்வதுபோலவே இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் இன்னொருத்தியும் உண்டு. 1968இல் பாகப்பிரிவினை நடந்தபோது ஃபேனி தனியார் பங்குதாரர்களிடம் போய்ச் சேர, அவளிடமிருந்து பிரிந்த ஜின்னி மே அரசின் வீட்டிலேயே தங்கிவிட்டாள். வீடுகளின் விலை சரிந்து, கடன்கள் திரும்பாமல், கையிருப்பு மூலதனம் போதாமல் அக்காளும் ஃபிரெடியும் தள்ளாடிய அந்த ஞாயிற்றுக்கிழமையன்று ஜின்னியை யாரும் பொறுப்பேற்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே தாய்வீட்டில்தான் இருந்தாள்.