நெட் போகவில்லை, ஆள் வருகிறான்!

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் லண்டன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

பழைய பிரெஞ்சு, பிரிட்டிஷ் படங்களை ரசிக்க ஏற்ற இடம் தியேட்டரா, வீடா? தியேட்டர்தான் என்று பேச ஆறு பாயின்ட் எழுதிக்கொண்டு வந்தேன். எதிரணித் தம்பி பேசியதைக் கேட்டதும் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். இப்போது எனக்குத் தம்பி மட்டும் போதும்!

தம்பி என்ன சொன்னார்? "'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்ற பிரிட்டிஷ் படத்தில் பாலைவனத்தில் ஒரு புள்ளி வருகிறது. அது ஆளாக மாறுவதற்குள் நான் அடுப்பில் பால் வைத்து, டீ போட்டு, வடிகட்டிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். இதைப் பார்க்க டிக்கெட் செலவு, ரயில் செலவு வேறா?" என்றார். அரங்கமே கைதட்டியது. அழகாகத்தான் சொன்னார். ஆனால் தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்தப் புள்ளியை நீங்கள் பார்த்தீர்களா?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் பையனுக்குப் பதினான்கு வயது. போன வருஷம் அதே படத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தான். கிணற்றுக் காட்சி வந்தது. வேறு குலத்தாருடைய கிணறு. கதாநாயகன் லாரன்ஸும் அவன் வழிகாட்டியும் தண்ணீர் இறைத்துவிட்டு நிற்கிறார்கள். எதிரே வெறும் மணல், வெறும் வானம். பையன் ஃபோனைத் தட்டினான், குலுக்கினான். எழுந்து என்னிடம் வந்து, "அப்பா, நெட் போச்சு. படம் அப்படியே நிக்குது" என்றான்!

நெட் போகவில்லையய்யா. நடிகர் ஒமர் ஷெரீஃப் வந்துகொண்டிருக்கிறார்!

மறுபடி சொல்கிறேன், இதில்தான் வழக்கே இருக்கிறது. ஜோர்டான் பாலைவனம். கானல் நீர் தளதளவென்று ஆடுகிறது. அதற்குள் ஒரு மனிதன் ஒட்டகத்தில் வருகிறான். இந்த ஒரு காட்சிக்காகவே ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் 482 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். 1962இல் வந்த படம், பெரிய திரைக்கு என்றே 70 மி.மீ. அகலப் படச்சுருளில் இயக்குநர் டேவிட் லீன் எடுத்தது. இத்தனை பேர் வியர்வை சிந்தி, அடிவானத்தில் ஓர் எள்ளை வைத்தார்கள். உள்ளங்கை அளவு கண்ணாடியில் அந்த எள் எப்படித் தெரியும்? பையன் மேல் என்ன தப்பு?

அப்புறம் ஒரு நாள் வாட்டர்லூ பாலத்துக்குக் கீழே இருக்கும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தியேட்டரில் 70 மி.மீ. பிரிண்ட் போட்டார்கள். கூட்டிக்கொண்டு போனேன். அதே கிணறு, அதே மணல். என் பையன் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டான். முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காதோடு காதாக, "அப்பா... ஏதோ வருது" என்றான். எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்குப் படுவதற்கு முன்னால் அவன் கண்டுபிடித்துவிட்டான்! பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, அவரும் தலையை நீட்டிப் பார்க்கிறார். அரங்கத்தில் இருமல் இல்லை, பாப்கார்ன் சத்தம் இல்லை. ஒட்டகத்தின் காலடி மட்டும் லேசாகக் கேட்கிறது. புள்ளி கோடாகிறது, கோடு கறுப்பு உடையாகிறது. வழிகாட்டி துப்பாக்கியை எடுக்க ஓடுகிறான். ஒரு வெடி! அவன் சுருண்டு விழுகிறான். என் பையன் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி அடுத்த நாளும் வலித்தது.

தம்பி, நீங்கள் டீ வடிகட்டிக்கொண்டிருந்த நேரம் இதுதான். காத்திருப்பதுதான் அந்தக் காட்சி. வீட்டில் காத்திருக்க மாட்டோம், விரல் சும்மா இருக்காது. தியேட்டரில் முன்னூறு பேரும் சேர்ந்து காத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பக்கமும் ஒரு வார்த்தை. இயக்குநர் ஜாக் தாத்தி 1967இல் 'ப்ளேடைம்' என்ற நகைச்சுவைப் படம் எடுத்தார். அதுவும் 70 மி.மீ. படத்துக்காகக் கண்ணாடிக் கட்டிடங்களோடு ஒரு ஊரையே செட் போட்டுக் கடனில் மூழ்கினார். க்ளோசப் கிடையாது என்றே சொல்லலாம். ஒரு மூலையில் பணியாள் தடுமாறுவார், இன்னொரு மூலையில் நாற்காலியின் அச்சு உட்கார்ந்தவர் முதுகில் பதிந்துவிடும். இடது பக்கம் சிரிக்கும் ஆளைப் பார்த்து வலது பக்கம் என்னவோ நடக்கிறது என்று நாம் திரும்ப வேண்டும். டிவியில் திரும்ப இடம் ஏது? சரி, விடுகிறேன், நேரமாகிறது.

நடுவர் அவர்களே, மணி அடிப்பதற்குள் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபெல் கான்ஸ். 1927இல் 'நெப்போலியன்' என்ற பேசாத பிரெஞ்சுப் படத்தை எடுத்தவர். கடைசிப் பகுதிக்கு ஒரு திரை போதாது என்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று திரை, மூன்று புரொஜெக்டர். கொஞ்ச நாளில் பேசும் படம் வந்தது. இவர் படத்தை வெட்டினார்கள், துண்டு துண்டாகப் போயிற்று. 1950களில் லண்டனில் கெவின் பிரவுன்லோ என்ற பள்ளிக்கூடப் பையன் கையில் அந்தப் படத்தின் இரண்டு சின்னச் சுருள் கிடைத்தது. வீட்டில் ஓட்டிப் பார்த்தான். "பார்த்தீர்களா, வீட்டில்தானே பார்த்தான்!" என்று எதிரணி துள்ளலாம். ஆமாம், வீட்டில்தான் பார்த்தான். பார்த்தவனுக்கு மனசு ஆறவில்லை. வளர்ந்து, மிச்சத் துண்டுகளை ஊர் ஊராகத் தேடி ஒட்டுவதிலேயே வாழ்நாளில் பெரும் பங்கைக் கொடுத்தார்.

1979 செப்டம்பர். அமெரிக்காவில் டெல்லுரைட் என்ற மலையூர். குளிரில் திறந்தவெளியில், ராத்திரியில், மூன்று திரை கட்டி அந்தப் படத்தை ஓட்டினார்கள். கான்ஸுக்கு அப்போது 89 வயது. ஹோட்டல் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்துத் தன் பிள்ளை முழு உயரத்தில் எழுந்து நிற்பதைப் பார்க்கிறார். பிரெஞ்சுக் கொடி போல நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று திரையும் நிறம் மாறுகிறது. கீழே குளிரில் உட்கார்ந்தவர்கள் கைதட்டுகிறார்கள். 1981இல் அவர் போய்விட்டார். அந்த ஜன்னலை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது, இப்போதும் அடைக்கிறது.

மூன்று திரையோடு அந்தப் படம் அடுத்த முறை லண்டனுக்கு வரும்போது மூன்று டிக்கெட் எடுப்பேன். எனக்கு ஒன்று, என் பையனுக்கு ஒன்று, எதிரணித் தம்பிக்கு ஒன்று. டீ இடைவேளையில் நான் வாங்கித் தருகிறேன் தம்பி. வாருங்கள்.

நன்றி, வணக்கம்.