குரூப்ஸ்கயாவின் மேசை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நதேழ்தா குரூப்ஸ்கயா என்றதும் லெனினின் துணைவியார் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. அது அவருக்கு நாம் இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன். 1891இலிருந்து பீட்டர்ஸ்பர்க்கின் ஆலைப்புறத்தில் தொழிலாளர்களுக்கு மாலை வேளைகளில் எழுத்தறிவித்துவந்த அந்த ஆசிரியை, லெனினைச் சந்திக்கும் முன்பே மார்க்சியத்தைக் கற்றுத் தெளிந்திருந்தார். 1896 ஆகஸ்டில் ஜார் அரசு அவரைக் கைதுசெய்தது. மூன்றாண்டுகள் உரால் மலைப்பகுதி நகரமான உஃபாவில் வாழவேண்டும் என்பது பின்னர் விதிக்கப்பட்ட தண்டனை.

லெனின் நாடுகடத்தப்பட்டு இருந்த சைபீரியக் கிராமமான ஷூஷென்ஸ்கோயெக்குச் செல்ல அவர் அனுமதி கேட்டார். உடனடியாகத் திருமணம் செய்துகொள்ள வேண்டும், இல்லையேல் உஃபாவுக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. தாயார் எலிசவேத்தா வசீலியெவ்னாவுடன் 1898 மே மாதத்தில் அங்கு சென்று சேர்ந்தார். ஜூலையில் நடந்த திருமணத்துக்கான மோதிரங்களை, அங்கே தண்டனை அனுபவித்துவந்த பின்லாந்துத் தொழிலாளி ஒருவர் செப்புக் காசுகளை உருக்கிச் செய்துகொடுத்தார். ருஷ்ய அடுப்பைக் கையாளத் தெரியாமல் சூப்பையும் மாவுருண்டைகளையும் அடுப்புத் தளத்தில் கொட்டிய நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். வீட்டு வேலைக்கு வந்த பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். உழைக்கும் பெண்களைப் பற்றிய தம் முதல் சிறுநூலையும் அந்தக் கிராமத்தில்தான் எழுதினார்.

1901இல் தண்டனை முடிந்து ஜெர்மனியின் ம்யூனிக் சென்றதும், ருஷ்யப் புரட்சியாளர்கள் வெளிநாட்டிலிருந்து நடத்திய 'இஸ்க்ரா' இதழின் செயலாளர் பொறுப்பு அவருக்கு வந்தது. அடுத்த ஆண்டு இதழ் லண்டனுக்கு இடம் மாறியது. ஹோல்ஃபோர்டு சதுக்கத்தில் ரிக்டர் என்ற பெயரில் குடியிருந்தபோது, விரலில் திருமண மோதிரம் அணியாத இந்தப் பெண்ணைக் குறித்து வீட்டுக்காரம்மாள் கவலைப்பட்டார். செயலாளர் என்றால் நாற்காலியில் அமர்ந்து குறிப்பெடுப்பவர் என்று எண்ணிவிடக் கூடாது. ருஷ்யாவிலிருந்து வந்த கடிதங்களில், பார்வைக்குச் சாதாரண நலவிசாரிப்பாகத் தெரிந்த வரிகளுக்கிடையே, கண்ணுக்குத் தெரியாத மையில் செய்தி இருக்கும். தாளை நெருப்பில் காட்டி எழுத்தை வரவழைத்து, சங்கேதத்தை அவிழ்த்து, மறுமொழியையும் அதே முறையில் எழுத வேண்டும். அவருடைய அறையில் எப்போதும் சூடுபட்ட காகித வாடை வீசியதாகப் புரட்சியாளர் ட்ரொட்ஸ்கி நினைவுகூர்கிறார். கடவுச்சீட்டுக்குக் 'கைக்குட்டை' என்றும், தடைசெய்யப்பட்ட நூல்களுக்கு 'மயிர்த்தோல்' என்றும், ஒடெஸ்ஸாவுக்கு 'ஒசிப்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இந்தச் சங்கேதம் எளிதில் ஊடுருவிப் பார்க்கக்கூடியதாகவே இருந்தது என்பதைக் குரூப்ஸ்கயா பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தன் வேலையின் குறையைத் தானே எழுதிவைக்கும் அந்த நேர்மை என்னை மிகவும் கவர்கிறது. ஏனெனில், அங்கே ஒரு கடிதம் சிக்கினால் ஒரு தோழர் சிறைக்குப் போவார்.

இந்த வேலையில் தாயாருக்கும் பங்கிருந்ததைப் பலர் கவனிப்பதில்லை. மகளும் மருமகனும் சென்ற நாடுகளில் பெரும்பாலும் உடன் வாழ்ந்து, சமையலைப் பார்த்துக்கொண்டதோடு, இரகசியச் செய்தியை மறைக்கும் வெளித்தோற்றக் கடிதங்களை அவர் எழுதினார். நூல்களை உடலோடு மறைத்துக் கொண்டுசெல்வதற்கான உள்ளாடைகளையும் தைத்துக்கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் அடுக்களைக்கும் கட்சி அலுவலகத்துக்கும் இடையே சுவர் எழுப்பியிருந்தால், இரண்டும் நடந்திருக்காது.

1915 மார்ச் மாதத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தாயார் காலமானார். உடலை எரியூட்டினார்கள். குரூப்ஸ்கயாவும் லெனினும் சுமார் இரண்டு மணி நேரம் இடுகாட்டில் காத்திருந்த பின், இன்னும் சூடு ஆறாத சாம்பலைக் காவலர் ஒரு தகரக் குவளையில் கொண்டுவந்து கொடுத்து, புதைக்கவேண்டிய இடத்தைக் காட்டினார். இறைப்பற்று மிக்க வீட்டுக்காரம்மாள், இனி அந்த அறையைப் பக்தியுள்ளவர்களுக்கே வாடகைக்கு விட விரும்புவதாகக் கூறினார். அவர்கள் வேறு அறைக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே ஆண்டில் குரூப்ஸ்கயா 'மக்கள் கல்வியும் ஜனநாயகமும்' என்ற நூலை எழுதினார். அது 1917இல் அச்சேறியது.