நூற்றுக்கு 33

வணக்கம் நேயர்களே. அமெரிக்க வரலாற்றில் ஒருவருடைய பொது அறிவை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது இன்றைய பேச்சு. வினாடி வினா நிகழ்ச்சிகளுக்குக் கேள்வி தயாரிப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. அதனால் விடைகளைவிடக் கேள்வி கேட்பவர்கள்மீதுதான் எனக்கு எப்போதும் ஒரு கண்.

1917-இல் பெல், மெக்கலம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் தொடக்கப் பள்ளியிலிருந்து கல்லூரி வரை சுமார் 1500 மாணவர்களிடம் அமெரிக்க வரலாற்றின் மிக எளிய செய்திகளைக் கேட்டுப் பார்த்திருந்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பெற்ற சராசரி நூற்றுக்கு 33. கொலம்பஸ் வந்த 1492 தெரிந்திருந்தது. விடுதலை அறிவித்த 1776-ஐக் கேட்டால் விழித்தார்கள். மெக்சிகோவுடன் போர் மூண்ட ஆண்டு 1846. டெக்சாஸ் எல்லைத் தகராறில் தொடங்கிய போர் அது. அந்த ஆண்டும் டெக்சாஸ் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனையும், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குத் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள். இந்தக் குழப்பத்தில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. டேவிஸ் 1808-இல் பிறந்தபோது ஜெஃபர்சன்தான் குடியரசுத் தலைவர். அவர் பெயரைத்தான் பெற்றோர் பிள்ளைக்கு வைத்தார்கள்.

1943-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் 7000 பேரைச் சோதித்தது. பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 குடியேற்றங்களின் பெயரையும் முழுதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 6 பேர். நாடு முழுவதும் பெரிய பேச்சானது. 2022-இல் அமெரிக்க அரசு நடத்திய தேசிய அளவிலான தேர்வில், எட்டாம் வகுப்பு மாணவர்களில் வரலாற்றில் தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் நூற்றுக்கு 13 பேர். மறுபடியும் தலைப்புச் செய்தி, மறுபடியும் கவலை.

ஒவ்வொரு முறையும் வருகிற புலம்பல் ஒன்றுதான்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. 1917-இல் 33 வாங்கிய பிள்ளைகள் 1943-இல் பெற்றோராகி, தங்கள் பிள்ளைகளைப் பார்த்து அதையே சொல்லியிருப்பார்கள். நூறு ஆண்டுகளாகத் தரையிலேயே கிடக்கிற மதிப்பெண்ணைப் பார்த்து 'சரிவு' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சரிய வேண்டுமானால் முதலில் ஓர் உயரம் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

கேள்வி தயாரிக்கிறவன் என்ற முறையில் ஒரு தொழில் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களைத் தரம் பிரிப்பதற்கென்று தயாரிக்கும் தேர்வில் எல்லாருக்கும் விடை தெரிந்த கேள்வியை வைத்திருக்க மாட்டார்கள். அது யாரையும் பிரித்துக் காட்டாது, ஆகவே எடுத்துவிடுவார்கள். அப்படித் தெரிந்ததை நீக்கிவிட்டுத் தெரியாததையே கேட்டால் மதிப்பெண் எங்கிருந்து வரும்?

2008-இல் சாம் வைன்பர்க், சான்சி மாண்டே-சானோ என்ற இரண்டு கல்வியாளர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். நாடு முழுவதும் சுமார் 2000 பள்ளி மாணவர்களிடம் வெற்றுத் தாளைக் கொடுத்து, கொலம்பஸ் காலத்திலிருந்து இன்றுவரை புகழ்பெற்ற அமெரிக்கர்கள் பத்துப் பேரை எழுதச் சொன்னார்கள். குடியரசுத் தலைவர்களும் அவர்களுடைய மனைவியரும் கூடாது, பத்தில் ஐந்து இடம் பெண்களுக்கு என்பவைதான் நிபந்தனை. முதலிடம் மார்ட்டின் லூதர் கிங். நூற்றுக்கு 67 பேர் அவரை எழுதினார்கள். அடுத்து, பேருந்தில் இருக்கையை விட்டுக் கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ், 60. மூன்றாவது, அடிமைத்தளையிலிருந்து தப்பியபின் திரும்பத் திரும்பப் போய் மற்றவர்களையும் மீட்டுவந்த ஹாரியட் டப்மன், 44. மூவரும் கறுப்பினத்தவர், இருவர் பெண்கள். வயதில் மூத்தவர்களைக் கேட்டபோதும் பட்டியல் பெரிதாக மாறவில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் என்று திட்டு வாங்கியவர்களிடம் இப்படி ஒரு பொதுவான நினைவு இருந்திருக்கிறது. அதை அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி, நம் வீடுகளுக்கும் தெரிந்த தேர்வுக்கு வருகிறேன். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் வரலாறும் அரசியலமைப்பும் பற்றிய கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். எதிரில் அதிகாரி உட்கார்ந்திருப்பார்; நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி எல்லாம் கிடையாது. 2008-இல் வந்த முறைப்படி 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியல் 128 கேள்விகளாக நீண்டிருக்கிறது. அதில் 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 12 வந்ததும் நிறுத்திவிடுவார்கள்; 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்கள்.

இந்தத் தேர்வு எழுதும் வெளிநாட்டவரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தேறிவிடுகிறார்கள். ஆனால் 2018-இல் உட்ரோ வில்சன் அறக்கட்டளை இதே கேள்விகளிலிருந்து எடுத்து அமெரிக்கக் குடிமக்களைச் சோதித்தபோது தேறியவர்கள் நூற்றுக்கு 36 பேர். அதுவும் விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வசதியுடன். இதைச் சொல்லிச் சிரிப்பது எளிது. ஆனால் ஒருவர் விடைப் பட்டியலை மாதக்கணக்கில் நெட்டுருப் போட்டுவிட்டு வருகிறார், மற்றவரைத் திடீரென்று பிடித்துக் கேட்கிறார்கள். இருவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் இல்லை.

அந்த விடைப் பட்டியலைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். விடுதலைப் பிரகடனம் எப்போது ஏற்கப்பட்டது? 1776 ஜூலை 4. சரியான விடைதான். ஆனால் விடுதலை வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2. பிரகடனத்தின் வாசகத்துக்கு ஒப்புதல் கிடைத்தது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஜூலை 2-ஐத்தான் வருங்காலம் கொண்டாடும் என்று, பின்னாளில் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் அவர் இறந்ததே ஒரு ஜூலை 4-ஆம் தேதி, 1826-இல். அதே நாளில் ஜெஃபர்சனும் இறந்தார்.

அடுத்த கேள்வி இன்னும் கனமானது. லிங்கனின் விடுதலை ஆணை என்ன செய்தது? 'அடிமைகளை விடுவித்தது' என்றால் மதிப்பெண் உண்டு. உண்மையில் 1863 ஜனவரி 1-ஆம் தேதி ஆணை, கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தை விட்டுப் போகாத கென்டக்கி, டெலவேர் போன்ற மாநிலங்களில் அடிமை முறை அப்படியே தொடர்ந்தது. அந்த இரண்டு மாநிலங்களிலும் அது ஒழிந்தது 1865 டிசம்பரில், 13-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு கேள்வி. உள்நாட்டுப் போருக்கு வழிவகுத்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள் என்று 2008 பட்டியலில் இருந்தது. 'அடிமை முறை' என்றாலும் சரி, 'பொருளாதாரக் காரணங்கள்' என்றாலும் சரி, 'மாநிலங்களின் உரிமை' என்றாலும் சரி. மூன்றுக்கும் ஒரே மதிப்பெண். ஆனால் மிசிசிப்பி மாநிலம் 1861-இல் பிரிந்துபோனபோது வெளியிட்ட அறிக்கையில், தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுவதுமாகப் பிணைந்தது என்று ஒளிவு மறைவின்றி எழுதிவைத்திருக்கிறார்கள். பிரிந்தவர்களே காரணத்தைச் சொல்லிவிட்ட பிறகு, தேர்வுத் தாள் மட்டும் ஏன் மூவருக்கும் நல்லவனாக நடந்துகொள்ள வேண்டும்?

அரசியலமைப்பில் எத்தனை திருத்தங்கள்? 27. கடைசித் திருத்தம், நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும் என்கிறது. முன்மொழியப்பட்டது 1789-இல், பிறகு போதிய மாநிலங்களின் ஒப்புதல் கிடைக்காமல் கிடப்பில் கிடந்தது. 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், இதற்குக் கெடு எதுவும் விதிக்கப்படவில்லை, இப்போதும் நிறைவேற்றலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி' தரம். மனிதர் விடவில்லை. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்துக்கும் கடிதம் எழுதி எழுதி, 1992-இல் திருத்தத்தை அரசியலமைப்பில் ஏற்றிவிட்டார். 2017-இல் பல்கலைக்கழகம் அந்த 'சி'யை 'ஏ' ஆக்கியது.

கேள்வித் தாள் சிரிப்பாக முடியாத இடங்களும் அமெரிக்க வரலாற்றில் உண்டு. தென் மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படி, விளக்கு என்பார் பதிவு அலுவலர். விளக்கம் சரியா என்று தீர்மானிப்பவரும் அவரே. லூசியானாவில் ஒரு வட்டாரத்தில் 1964-இல் கொடுத்ததாகக் கிடைத்திருக்கும் தாளில் 30 கேள்விகள், 10 நிமிடம், ஒன்று தவறினாலும் தோல்வி. கேள்விகளோ, வட்டத்துக்குள் வட்டம் போடு, ஒரு சொல்லைப் பின்புறமாக எழுது என்ற வகை. அலபாமாவில் செல்மா நகரம் இருக்கும் மாவட்டத்தில் மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். வாக்களிக்கும் வயதுள்ள அவர்களில் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் தடியடி பட்டவர்கள் இதற்காகத்தான் நடந்தார்கள். அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்து, இத்தகைய தேர்வுகளை அந்தப் பகுதிகளில் நிறுத்தியது.

குடியுரிமைத் தேர்வு எழுதவே அனுமதி இல்லாதவர்களும் இருந்தார்கள். நாமும் அந்த வரிசையில்தான். பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அவர் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946-இல்தான் திறந்தது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, எவ்வளவு பெரிய வானியல் மேதையானாலும் சட்டப்படி அந்நாட்டுக் குடிமகனாக முடியாது. 1953-இல் அவர் குடியுரிமை பெற்றார்.

பிள்ளைகளோடு அங்கே குடியேறிய பெற்றோர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்காகச் சில செய்திகள். 50 வயதைக் கடந்து, நிரந்தரக் குடியிருப்பு அட்டையுடன் 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களுக்கும், 55 வயதைக் கடந்து அப்படியே 15 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. வரலாற்றுக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டுகளும் நிறைந்தவர்களுக்கு 20 கேள்விகள் கொண்ட சிறிய பட்டியல்தான். 10 கேட்பார்கள், 6 சொன்னால் போதும். முதல் முறை தவறினால் இன்னொரு வாய்ப்பும் தருவார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: குடியரசுத் தலைவர், உங்கள் மாநில ஆளுநர், பிரதிநிதிகள் அவைத் தலைவர் ஆகியோரின் பெயர்களைப் பழைய புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். நேர்காணல் நாளன்று பதவியில் இருப்பவர் யாரோ அவர்தான் விடை. முந்தின நாள் இரவு குடியுரிமைத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.