பக்கத்தைக் கட்டி நிறுத்துவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே 20 வருடங்களுக்கு மேலாக பிரவுசிங் சென்டர் நடத்தி வருகிறேன். தேர்வு விண்ணப்பம், ரயில் டிக்கெட், பட்டா நகல் என்று எதற்காவது தினமும் யாராவது வந்து உட்காருவார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, எல்லாம் நல்லாத்தானே ஓடுது, பிரவுசரை எதுக்கு அப்டேட் பண்ணச் சொல்றீங்க?"

நியாயமான கேள்விதான். செய்தித்தாள் அச்சாகி, முழுதாக நம் கைக்கு வருகிறது. இணையப் பக்கம் அப்படி வருவதில்லை. எழுத்துகள் தனியாக, படங்கள் தனியாக, எதை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்புகள் தனியாக வந்து இறங்குகின்றன. கல்யாண வீட்டு வாசலில் மூங்கிலும் துணியும் கயிறும் வந்து இறங்கும் இல்லையா, அந்த மாதிரி. அதைப் பந்தலாகக் கட்டி நிறுத்துகிற ஆள்தான் பிரவுசர். சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கட்டுகிறவருக்குத் தெரிந்த அளவுக்குத்தான் பந்தல் நிற்கும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். 2007 என்று நினைவு. தினமும் சாயங்காலம் நான்கு மணிக்குக் கையில் ஒரு நோட்டுடன் வருவார். வலைப்பூக்களில் கதைகள் படிப்பார். ஒரு நாள் கூப்பிட்டார். "தம்பி, இங்கே வா. இந்தப் பையனுக்குக் கதை சொல்ல வருகிறது, தமிழ்தான் எழுத வரவில்லை" என்றார். எட்டிப் பார்த்தேன். 'கோயில்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'க' தனியாக நிற்கிறது. பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதற்கு இடப்பக்கம் இரட்டைக் கொம்பு, வலப்பக்கம் கால். மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்தை விட்டு விலகி, இன்னொரு வட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஐயா அந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அந்தப் பிழைகளை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். எழுதியவருக்குக் கடிதம் போடுவதாக இருந்தார்.

எனக்குச் சந்தேகம். அதே கதையை இன்னொரு கணினியில், வேறு பிரவுசரில் திறந்தேன். எழுத்தெல்லாம் சுத்தமாக இருந்தது! காரணம் கண்டுபிடிக்கச் சில நாட்கள் ஆயின. பத்திரிகைப் பத்தி மாதிரி இரண்டு ஓரமும் நேராக இருக்கும்படி அந்தப் பக்கத்தை அமைத்திருந்தார்கள். வரியை இழுத்து ஓரத்தைச் சரி செய்யும்போது, எங்கள் பிரவுசரின் அந்தப் பழைய பதிப்பு 'கோ' என்பது ஒரே எழுத்து என்று தெரியாமல் அதையும் பிரித்து வைத்துவிட்டது. ஆங்கிலப் பக்கங்களில் இந்தத் தொல்லை இல்லை, அதனால் நானும் கவனிக்கவில்லை. தமிழ் படிப்பவருக்குத்தான் அடி விழுந்தது.

அடுத்த வருடம் அதே பிரவுசரின் புதிய பதிப்பு வந்ததும் போட்டேன். ஐயாவை உட்கார வைத்து அதே கதையைத் திறந்து காட்டினேன். நோட்டை எடுத்து ஒவ்வொரு பிழையாக ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் இரண்டு மட்டும் மிஞ்சின. இரண்டும் ஒற்று மிகும் இடத்தில் போடாமல் விட்டவை. "இது இரண்டுதான் அவன் பிழை" என்றார். கடிதம் போடவில்லை. நேயர்களே, அந்தக் கதையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கட்டி நிறுத்துகிற ஆள்தான் மாறினார்.

சரி, அது கண்ணுக்குத் தெரிந்த கோளாறு. தெரியாதது ஒன்று இருக்கிறது, எனக்குப் பெரிய கவலை அதுதான். 2023 செப்டம்பரில், வெப்பி என்கிற பட வகையைத் திறந்து காட்டும் நிரலில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருந்தது அதே நிரல்தான். நீங்கள் எதையும் தரவிறக்க வேண்டாம், கடவுச்சொல் கொடுக்க வேண்டாம். கெட்ட எண்ணத்தோடு செய்த ஒரு படம் பக்கத்தில் இருந்தால், அதைத் திறப்பதே ஆபத்து. சில நாட்களிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனால் திருத்தம் வந்த அன்றே எந்தக் கதவின் தாழ்ப்பாளை மாற்றினார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும், திருடனுக்கும்தான். அப்புறம் அவன் தேடுவது தாழ்ப்பாள் மாற்றாத வீடுகளை. பழைய பிரவுசர் அப்படிப்பட்ட வீடு.

"என் கணினி விண்டோஸ் 7, அப்டேட் வரவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். உண்மைதான். குரோமின் 109-ஆம் பதிப்போடு அதற்கு நின்றுவிட்டது, 2023 தொடக்கத்திலேயே. அந்த மாதிரிக் கணினிகள் சிலவற்றில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புதிய பிரவுசர் அதில் ஓடுகிறது, கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஒரு தளம் போலி இல்லை என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது பற்றியும், 2021 செப்டம்பர் 30-க்குப் பிறகு பழைய கருவிகள் பலவற்றில் நல்ல தளங்களே ஏன் எச்சரிக்கை காட்டின என்றும் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டே நிமிடம். அதனால் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கணினியில் குரோம் என்றால் வலப்பக்க மேல் மூலையில் மூன்று புள்ளிகள். அதை அழுத்தி, உதவி. அதற்குள் குரோமைப் பற்றி என்று ஒரு வரி இருக்கும், திறந்தால் அதுவே புதிய பதிப்பைத் தேடும். முடிந்ததும் பிரவுசரை மூடித் திறக்க வேண்டும், பலர் இதைச் செய்வதில்லை. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோருக்குப் போய் குரோம் என்று தேடுங்கள். அப்டேட் என்று இருந்தால் அழுத்துங்கள்.

இன்னொன்று. ஏதோ ஒரு பக்கத்தில் "உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அழுத்துங்கள்" என்று திடீரென்று ஒரு பெட்டி வந்தால் அழுத்தாதீர்கள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, நான் சொன்ன மூன்று புள்ளி வழியாகவே போய்ப் பாருங்கள். வணக்கம்.