கண்ணில் ஒரு கம்பிச்சுருள்

அவைத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, இன்னொரு கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கண் அசைவை அளந்த கதை, அதில் காந்தம் நுழைந்த கதை, அதனால் மருத்துவத்துக்குக் கிடைத்த பயன்.

1898. அமெரிக்காவில் எட்மண்ட் ஹியூயி என்றொருவர். படிக்கும்போது கண் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குட்டிக் கிண்ணம் செய்து, நடுவில் ஓட்டை போட்டு, கருவிழி மேல் பொருத்தினார். ஆமாம், கண்ணின் மேலேயே! கிண்ணத்தில் ஓர் அலுமினியக் குச்சி. கண் அசைந்தால் குச்சி அசையும். புகை படிந்த உருளையில் கோடு கீறும். கண் மரத்துப்போக மருந்து வேறு. இத்தனையையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படிக்க வேண்டும். நம் பிள்ளைகள் வெறுங்கண்ணோடு படிக்கவே அழுகிறார்கள்! (சிரிப்பொலி) ஆனால் உருளையில் பதிந்தது, கண் வரிமேல் வழுக்கிச் செல்வதில்லை, தாவித்தாவி நின்று போகிறது என்பது. கையால் செய்து பார்த்ததால் கிடைத்த விடை அது. "சித்திரமும் கைப்பழக்கம்" என்றார் ஔவை. நான் எந்த மேடையிலும் சொல்வது அதுதான்.

சரி, காந்தம். 1963இல் டேவிட் ராபின்சன் என்ற ஆய்வாளர், தலையைச் சுற்றிப் பெரிய கம்பிச்சுருள்களை வைத்து, திசை மாறிமாறிப் பாயும் காந்தப்புலத்தை உண்டாக்கினார். கண்ணில் மெல்லிய கம்பிச்சுருள் பதித்த ஒரு தொடுவில்லை, அதாவது கான்டாக்ட் லென்ஸ். மாறும் புலம் அந்தச் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். கண் திரும்பினால் அதன் அளவு மாறும். அதிலிருந்து கோணத்தைக் கணக்கிடலாம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவுகூடத் தப்பாது. 1975இல் நெதர்லாந்தில் கோலவைன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அந்த வில்லையை மிருதுவான சிலிக்கோன் வளையமாக்கினார்கள். அடிப்படை? 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல். பள்ளிக்கூடப் பாடம்!

அந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் கையால் தொட்டார்களா? ஆய்வகக் கதவில் பூட்டு; உள்ளே மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டர் தூசியோடு உறங்குகிறது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். உடையட்டும் ஐயா! ஒரு காந்தமும் செப்புக்கம்பியும் எத்தனை ரூபாய்? சித்திரமும் கைப்பழக்கம் என்றால், விஞ்ஞானம் மட்டும் வாய்ப்பழக்கமா? (கைதட்டல்)

மருத்துவப் பயனைச் சொல்ல நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். அலுவலர் அவர்களிடம் ஒரே வேண்டுகோள்: வாரம் இரண்டு பாடவேளை ஆய்வகத்தைத் திறந்துவையுங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீருக்குப் போகலாம். நன்றி, வணக்கம்.